பிசிராந்தையாரின் பெயரில் பறவை இல்லை

புறநானூறு பள்ளிப் பாடமாக வரும்போது, கோப்பெருஞ்சோழனை முகம் காணாமலே நட்புக் கொண்ட புலவரின் பெயரைக் கேட்டு வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. பிசிராந்தையார் என்ற பெயரில் ‘ஆந்தை’ என்னும் ஒலி அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது; இரவில் அலறும் பறவையின் பெயரை ஒருவர் ஏன் சூடிக்கொண்டார் என்ற கேள்வி பிள்ளைகளின் மனத்தில் எழுவதில் பிழை ஏதும் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் பாடத்தைக் கடந்துவிடுவதுதான் வருத்தத்திற்குரியது. ஏனெனில் அந்தப் பெயருக்குள் பறவை இல்லை. ஒரு மகன் இருக்கிறான். அவன் பெயர் ஆதன். ஒரு காலத்தில் சேர மன்னரும், பானையில் தம் பெயரைக் கீறி வைத்தவரும் ஒருசேர வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெயர், பின்னாளில் வழக்கிலிருந்து மங்கிப்போயிற்று.

முதலில் புலவரின் பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். பிசிர் என்பது பாண்டிய நாட்டில் இருந்த ஓர் ஊர். புறநானூற்றின் 215-ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன் தன் நண்பரைப் ‘பிசிரோன்’ என்று ஊர் கொண்டே குறிக்கிறான்: “தென்னம் பொருப்பன் நன்னாட் டுள்ளும் பிசிரோன் என்பஎன் உயிர்ஓம் புநனே.” புலவரின் இயற்பெயரோ அவருடைய பாட்டிலேயே இருக்கிறது. 67-ஆம் பாட்டில் அவர் குமரித் துறையில் அயிரை மீன் அருந்தி வடமலைக்குத் திரும்பும் அன்னச் சேவலை விளித்து, வழியில் சோழ நாட்டில் இறங்கி அரண்மனைக்குள் புகுந்து, “இரும்பிசிர் ஆந்தை அடியுறை” (பிசிர் ஊர் ஆந்தையின் அடியேன்) என்று மட்டும் சொன்னால் போதும், மன்னன் உன் பேடைக்கு அணிகலன் தருவான் என்கிறார். ஆகவே ஆந்தை என்பது பிற்காலத்தார் இட்ட பட்டப்பெயர் அன்று. அவரே தம்மை அப்படித்தான் அழைத்துக்கொண்டார். பிசிர், ஆந்தை, உயர்வு காட்டும் ஆர் விகுதி ஆகிய மூன்றும் சேர்ந்ததே பிசிராந்தையார்.

இந்த ஆந்தை எங்கிருந்து வந்தது என்பதற்குத் தொல்காப்பியம் ஒரு நூற்பாவையே ஒதுக்கியிருக்கிறது. எழுத்ததிகாரத்தின் புள்ளி மயங்கியலில், மனிதரின் இயற்பெயர்கள் உறவுப் பெயர்களோடு புணரும் முறை பேசப்படுகிறது. சாத்தன், கொற்றன் போன்ற னகர ஈற்றுப் பெயரோடு ‘தந்தை’ என்ற முறைப்பெயர் சேரும்போது, தந்தையின் முதலெழுத்தாகிய தகரத்தில் மெய் கெட்டு அகரம் மட்டும் நிற்கும். முன்னால் உள்ள பெயரில் ‘அன்’ என்ற ஈறு கெடும். எனவே சாத்தனுக்குத் தந்தை சாத்தந்தை ஆகிறான், கொற்றனுக்குத் தந்தை கொற்றந்தை ஆகிறான். இது பொது விதி. அதை அடுத்து வரும் நூற்பா இரண்டே இரண்டு பெயர்களைத் தனியே எடுத்துச் சொல்கிறது: “ஆதனும் பூதனும் கூறிய இயல்பொடு பெயரொற்று அகரம் துவரக் கெடுமே.” அதாவது, மேலே சொன்ன மாற்றங்களோடு நில்லாமல், ஆதன் என்ற பெயரில் எஞ்சிய தகர ஒற்றும், அந்தை என்பதில் எஞ்சிய அகரமும் முற்றாக மறைந்துவிடும். ஆதன் தந்தை ‘ஆதந்தை’ என்ற அளவில் நிற்காமல் ஆந்தை ஆகிறான்; பூதன் தந்தை பூந்தை ஆகிறான்.

ஒரு மொழியின் இலக்கணம் இரண்டு மனிதப் பெயர்களுக்காக மட்டும் ஒரு நூற்பா செய்வது எப்போது நேரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாயில் அடிக்கடி புழங்கும் சொல்தான் விரைவாகத் தேயும். சாத்தனும் கொற்றனும் கீரனும் மிகப் பரவலான பெயர்களே. அவற்றைவிட ஆதனும் பூதனும் கூடுதலாகத் தேய்ந்திருக்கின்றன என்றால், அந்தப் பெயர்களை உடைய பிள்ளைகளும், அவர்களை வைத்து அழைக்கப்பட்ட தந்தையரும் தெருவெங்கும் இருந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். எங்கோ ஒருவருக்கு மட்டும் வழங்கிய அரிய பெயர் இப்படிச் சுருங்குவதில்லை. இன்று நமக்கு அருமையாகத் தோன்றும் இப்பெயர், நூற்பா எழுந்த காலத்தில் மிகச் சாதாரணமான பெயராக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மகன் பெயரால் தந்தையை அழைக்கும் இந்த வழக்கம் சங்கப் புலவர் பெயர்களில் நிறையத் தென்படுகிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடியவர் சாத்தந்தையார். பரிபாடலில் ஒரு பாட்டின் புலவர் கீரந்தையார். எயினந்தை மகன் இளங்கீரனார் என்று ஒரு புலவர் இருக்கிறார். அந்தப் பெயரில் தந்தை ஒரு மகனின் பெயராலும், இன்னொரு மகன் அந்தத் தந்தையின் பெயராலும் அடையாளம் பெறுவதைக் காணலாம். இன்றும் ஊர்ப்புறங்களில் மனைவி கணவனின் பெயரைச் சொல்லாமல் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி அவனுக்கு அப்பா என்று கூப்பிடுவதும், அக்கம்பக்கத்தார் அதையே அந்த மனிதரின் பெயராக்கிக்கொள்வதும் உண்டு. இலக்கணம் புணர்ச்சி விதியாகப் பதிந்து வைத்திருப்பது இத்தகைய வீட்டு வழக்கத்தைத்தான்.

எதிர்த் திசையிலும் பெயர்கள் அமைந்தன. தந்தை பெயரை முன்னே வைத்து மகன் பெயரைப் பின்னே வைப்பதற்கும் தொல்காப்பியம் விதி சொல்கிறது: சாத்தனுக்கு மகனாகிய கொற்றன் சாத்தங்கொற்றன் ஆவான். சேந்தம்பூதனார், கருவூர்ப் பூதஞ்சாத்தனார் முதலிய புலவர் பெயர்கள் இந்த அச்சில் வார்த்தவை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே எழுதும் நம் தலைப்பெழுத்து முறை, வேறு காலத்தில் வேறு காரணத்தால் வந்தது என்றாலும், அந்தப் பழைய வரிசைக்கு மாறாமல் அமைந்திருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

பறவையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். சங்கப் பாடல்களில் இரவில் அலறும் அந்தப் பறவை கூகை, குடிஞை, குரால் என்ற பெயர்களால் வருகிறது. பெயரில் உண்மையாகவே அப்பறவையைக் கொண்ட புலவர் ஒருவர் புறநானூற்றில் இருக்கிறார். 364-ஆம் பாட்டில் ‘கூகைக் கோழி’ என்ற தொடரை ஆண்டதால் கூகைக் கோழியார் என்று பெயர் பெற்றவர் அவர். இப்படி இருக்க, ஆந்தையாரைப் பறவையாக்கியது பிற்கால ஒலி ஒற்றுமை ஒன்றே. பழைய உறவுச் சொல் வழக்கிழந்து, அதே ஒலியுடைய இன்னொரு சொல் வாழ்ந்துகொண்டிருந்தால், கேட்பவர் காதில் வாழும் சொல்லே விழும்.

இனி ஆதனிடம் வருவோம். இந்தப் பெயரைத் தாங்கியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் சேரர். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், உதியஞ்சேரலாதன், பெருஞ்சேரலாதன் என்று வரும் பெயர்களிலெல்லாம் சேரல் என்பது குடியையும் ஆதன் என்பது ஆளையும் குறித்து நிற்கின்றன. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கபிலர் பாடிய தலைவன் செல்வக் கடுங்கோ வாழியாதன். அந்தப் பத்துக்காக அவன் கபிலருக்கு நூறாயிரம் காணம் என்னும் பொற்காசு கொடுத்து, நன்றா என்னும் குன்றின் மேல் ஏறி நின்று கண்ணிற் கண்ட நாடெல்லாம் தந்தான் என்று பதிகம் சொல்கிறது. கரிகாலனோடு வெண்ணியில் பொருது முதுகில் புண்பட்டதற்கு நாணி, வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து உயிர்விடும் வழக்கப்படி வடக்கிருந்தவன் பெருஞ்சேரலாதன். வென்றவனாகிய கரிகாலனையே நோக்கி, உன்னைக் காட்டிலும் அவன் நல்லவன் அல்லனோ என்று கேட்டார் வெண்ணிக் குயத்தியார். தோற்றுப்போன ஓர் ஆதனுக்குக் குயவர் குடியில் பிறந்த பெண்பாற் புலவர் அளித்த இந்தச் சிறப்பு, வென்றவர் பலருக்கும் வாய்க்காதது.

ஐங்குறுநூறு தொடங்குவதே இந்தப் பெயரோடுதான். ஓரம்போகியார் பாடிய மருதத்தின் முதற் பத்தாகிய வேட்கைப் பத்தில் ஒவ்வொரு பாட்டும் “வாழி ஆதன் வாழி அவினி” என்று தொடங்குகிறது. முதற்பாட்டில் அதைத் தொடர்ந்து “நெற்பல பொலிக பொன்பெரிது சிறக்க” என்ற வாழ்த்து வருகிறது. கணவன் பரத்தையிடம் பிரிந்திருந்த காலத்தில் தலைவி தனக்காக எதையும் வேண்டாமல் அரசனையும் விளைச்சலையும் வாழ்த்தினாள் என்பதைத் தோழி சொல்லிக் காட்டும் இடம் அது. இங்கு வரும் ஆதன் அவினி சேரர் குடியைச் சேர்ந்த தலைவன் என்பது உரை மரபு. ‘வாழி ஆதன்’ என்ற இந்த வாழ்த்தையும் ‘வாழியாதன்’ என்ற சேரன் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மக்கள் வாயில் வாழ்த்தாக வழங்கியதே மன்னனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆயினும் ஆதன் சேரர்க்கு மட்டும் உரிய பெயர் அன்று. புறநானூறு 175-ஆம் பாட்டில் கள்ளில் ஆத்திரையனார், “எந்தை வாழி ஆதனுங்க, என் நெஞ்சம் திறப்போர் நிற்காண் குவரே” என்று ஆதனுங்கன் என்னும் தலைவனை வாழ்த்துகிறார். திரிகடுகம் பாடியவர் நல்லாதனார். எல்லாவற்றையும் விட எனக்கு உவப்பானது 71-ஆம் பாட்டு. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் அதில் வஞ்சினம் கூறுகிறான்: பகைவரைப் புறங்காணேன் ஆயின், கண் போன்ற என் நண்பர்களோடு கூடி மகிழும் இன்பத்தை இழப்பேனாக என்கிறான். அந்த நண்பர்களின் பெயர்களை அடுக்கும்போது மாவன், மன்எயில் ஆந்தை, அந்துவஞ்சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன் என்று சொல்லிச் செல்கிறான். பாடியவன் பெயரில் பூதன் இருக்கிறான். பாட்டுக்குள் ஆந்தையும் ஆதனும் இருக்கிறார்கள். தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் சேர்த்து வைத்த பெயர்கள் ஒரு நண்பர் குழாமாக ஒரே பாட்டில் வந்து அமர்ந்திருக்கின்றன.

பாடல்கள் ஏட்டின் வழியே நமக்கு வந்தவை. படியெடுத்தவர் கைகளில் மாறியிருக்கலாம் என்ற ஐயத்திற்கு அவை இடம் தரும். கல்லும் மண்ணும் அந்த ஐயத்தைத் தீர்க்கின்றன. கரூரை அடுத்த புகழூரில் ஆறுநாட்டார் மலைக் குகையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் மூத்த சமணத் துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவன் இளங்கடுங்கோ, அவன் தந்தை பெருங்கடுங்கோன், பாட்டன் “கோ ஆதன் செல்லிரும்பொறை”. கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டு அளவிலான இந்தக் கல்வெட்டின் ஆதனை, பதிற்றுப்பத்தின் செல்வக் கடுங்கோ வாழியாதனோடு ஒன்றாகக் காண்பவர் ஆய்வாளருள் பலர்.

கல்வெட்டில் மன்னன் பெயர் வருவதில் வியப்பில்லை. பானை ஓட்டில் வருவதுதான் என்னை நெகிழ வைக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வைகைக் கரையில் உள்ள கீழடியில், தமிழகத் தொல்லியல் துறை 2017-18-இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் கிடைத்தன. 2019-இல் வெளியான அறிக்கை அவற்றில் இருந்த ஆட்பெயர்களாகக் குவிரன், ஆதன் என்பவற்றைக் காட்டியது. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமப் பொருள் கி.மு. 580 என்ற காலத்தைக் காட்டியதால் எழுத்தின் தொன்மை பற்றிய விவாதம் பெரிதாக எழுந்தது. அந்த ஆரவாரத்தில் பெயரைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை. எழுத்துகளுள் பெரும்பாலானவை பானை சுட்ட பிறகு கீறப்பட்டவை, கையெழுத்தும் ஒன்றுபோல் இல்லை. எனவே வனைந்த குயவர் இட்ட குறிகளாக அல்லாமல், பானைக்கு உரியவர்கள் தம் பொருள் என்று அடையாளம் காட்ட எழுதிய பெயர்களாகவே அவற்றைக் கொள்ள வேண்டியிருக்கிறது. எவர் சில்வர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கும் நம் வீட்டு வழக்கத்திற்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது! நொய்யல் கரையில் உள்ள கொடுமணலிலும் ஆதன் என்ற பெயர் உள்ள ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சேரரின் ஒரு கிளையாகிய பொறையர் குடியின் மன்னனும், வைகைக் கரையில் ஒரு பானையை வைத்திருந்தவனும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டார்கள்.

அப்படியானால் ஆதன் என்பதன் பொருள் என்ன? கேட்பவர் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் கேள்வி இது. அகராதியைத் திறந்தால் கிடைக்கும் பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை: அறிவில்லாதவன், குருடன், உயிர், சமணர் வழிபடும் அருகன். அறிவிலார் என்ற பொருளில் ‘ஆதர்’ என்பது தேவாரத்தில் சமணரைப் பழிக்கும் இடங்களில் வருகிறது. ‘ஆதர் சமணரொடும்’ என்பது போன்ற ஆட்சி சம்பந்தர் பாடல்களைப் படித்தவர்க்குப் பழக்கமானது. இந்தப் பொருளை மூவேந்தர் குடிப் பெயரில் ஏற்ற முடியுமா? குப்பன், பிச்சை என்று இழிந்த பொருள் தரும் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடும் வழக்கம் தமிழரிடம் உண்டு என்பது உண்மையே. முன்பிறந்த குழந்தைகள் தக்காமல் போன வீட்டில், காலன் கண்படாமல் இருக்க அப்படிப் பெயர் வைப்பார்கள். ஆனால் அத்தகைய பெயர் வீட்டோடு நிற்கும். அவைக்களத்தில் புலவர் புகழ்ந்து பாடும்போது குடிப்பெயரோடு சேர்ந்து தலைமுறை தலைமுறையாக ஒலிக்காது. ஆகவே பழிச்சொல்லாகிய ஆதனும் ஆட்பெயராகிய ஆதனும் ஒலியால் ஒன்றாகவும் வழியால் வேறாகவும் உள்ள சொற்கள் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அவ்வாறன்றி, வழக்கொழிந்து பழமையாகிவிட்ட பெயரே பின்னாளில் ஏளனச் சொல்லாக இறங்கியது என்று கொண்டாலும் வியப்பதற்கில்லை. யாரோ ஒருவன் என்ற அலட்சியத்தோடு குப்பன், சுப்பன் என்று நாமே சொல்கிறோம்.

உயிர் என்ற பொருள் வடமொழி ஆத்மாவை நினைவூட்டுகிறது. அருகன் என்ற பொருள் நம்பத் தக்கவன் எனப் பொருள்படும் ‘ஆப்த’ என்ற சொல்லிலிருந்து வந்த ஆத்தன் என்பதோடு கலந்திருக்கக் கூடும். பழைய எழுத்தில் இந்தக் கலப்புக்கு வாய்ப்பு உண்டு. எகிப்தில் செங்கடற் கரையில் உள்ள குசைர் அல் காதிம் என்ற துறையில் கிடைத்த ஓட்டில் ‘சாதன்’ என்று எழுதியிருப்பதைச் சாத்தன் என்று படிக்கிறோம். இரட்டிக்க வேண்டிய ஒற்றை எழுதாமல் விடுவது அக்காலத்து எழுத்து வழக்கம். ஆனால் ஆதனைப் பொறுத்தவரை இந்த வழி நெடுந்தூரம் செல்லாது. தொல்காப்பியம் சாத்தன் முதலிய பெயர்களைப் பொது விதியில் அடக்கிவிட்டு, ஆதனைப் பூதனோடு மட்டும் இணை சேர்க்கிறது. நெடில் ஒன்று, அதன் பின் தனித் தகரம் ஒன்று என்ற ஒரே ஒலி அமைப்பு இருப்பதால்தான் இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்து, ஒரே நூற்பாவில் இடம் பெற்றன.

‘ஆ’ என்பது பசுவைக் குறிப்பதால் ஆதன் ஆநிரை உடையவன் என்று பொருள் சொல்வோரும் உண்டு. கும்பகோணத்தை அடுத்த ஆதனூரின் தலபுராணம் இந்த வழியில்தான் போகிறது: காமதேனு ஆகிய ‘ஆ’ தவம் செய்த ஊர் ஆதலால் ஆ தன் ஊர் என்று அங்குள்ள திருமால் கோயிலின் வரலாறு கூறும். வழிபடுவோர் மனத்திற்கு இனிய கதை அது. ஆனால் நந்தனார் பிறந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் கொள்ளிடக் கரை ஊரும் ஆதனூர்தான். அந்தப் பெயரில் தமிழ்நாட்டில் வேறு ஊர்களும் உள்ளன. அவற்றை எல்லாம் சாத்தனூர், கீரனூர், கண்ணனூர் ஆகியவற்றின் வரிசையில் வைத்துப் பார்த்தால், ஆட்பெயரோடு ‘ஊர்’ சேர்ந்த பழைய அமைப்பு விளங்கிவிடும். ஆதன் என்ற ஒருவன் காடு திருத்திக் குடியேறிய இடமாகவோ, அவனுக்கு உரிமையாக இருந்த இடமாகவோ அந்த ஊர்கள் இருந்திருக்கும். மனிதருக்கு வைப்பது நின்றுபோன பெயரை ஊர்கள் விடாமல் வைத்திருக்கின்றன.

கீழடிக்குப் பிறகு இந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்க விரும்புவோர், அதை ‘ஆதி’ என்பதோடு சேர்த்து முதல்வன் என்று பொருள் கொள்ளவும், ஆதித்தன் என்பதோடு சேர்த்துக் கதிரவன் என்று பொருள் கொள்ளவும் ஆசைப்படலாம். அதற்குத் தேவை இல்லை. பழைய தமிழர் இந்தப் பெயரைச் சூட்டியபோது பொருளைத் தேடிச் சூட்டியதாகத் தெரியவில்லை. பாட்டனுக்கு இருந்தது என்பதற்காகப் பெயரனுக்கு வைத்திருப்பார்கள். பெயரன் என்ற சொல்லே அந்த வழக்கத்தில் பிறந்ததுதானே.

பிசிராந்தையாரிடமே திரும்பி வருகிறேன். 216-ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன் தன் நண்பரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறான்: தன் பெயரைச் சொல்ல நேரும்போதெல்லாம் அவர் “என்பெயர் பேதைச் சோழன்” என்று சொல்லுவாராம். பேதை என்றால் கள்ளமற்றவன், அறியாதவன். மகன் பெயரால் அறியப்பட்ட ஒருவர், காணாத நண்பனின் பெயரைத் தம் பெயராக்கிக்கொள்ளும் அளவுக்கு அன்பு வைத்தார். இரண்டு பெயர்களிலும் அவருக்கென்று தனியே எதுவும் இல்லை. சோழன் வடக்கிருந்தபோது அவர் வந்து சேர்ந்தார். இத்தனை ஆண்டு ஆகியும் தலையில் நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடையே 191-ஆம் பாட்டு. ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் என்று காரணங்களை அடுக்குவதற்கு முன், முதல் காரணமாக அவர் சொல்வது வீட்டைப் பற்றி: “மாண்டஎன் மனைவியொடு மக்களும் நிரம்பினர்.” (மாண்ட என்றால் இங்கே மாண்புடைய.) அறிவால் நிரம்பிய அந்த மக்களுள் ஒருவனுக்கு ஆதன் என்று பெயர் இருந்தது.